டைட்டானியம் ஒட்டு, 600 பாகையில் வைத்தும் வெடிக்கிறது

கேள்வி:
வணக்கம். திருகோணமலையில் படகு இயந்திரப் பட்டறையில் வேலை செய்கிறேன். 3 மில்லிமீற்றர் கிரேட் 5 டைட்டானியத் தகட்டை (6 வீதம் அலுமினியம், 4 வீதம் வனேடியம்) டிக் வெல்டிங்கில் ஒட்டி, சாதாரண உலையில் 600 பாகையில் 2 மணித்தியாலம் வைத்து எடுத்தேன். வளைத்துப் பார்த்தால் ஒட்டின் நடுவிலேயே வெடிக்கிறது, பக்கத்துத் தகட்டுக்கு ஒன்றும் இல்லை. சூடு போதவில்லையா, இன்னும் கூட்டலாமா?

பதில்:
தம்பி, உலையை விடுங்கள், உலையில் வைக்க முதல் ஒட்டு என்ன நிறத்தில் இருந்தது? வெள்ளி என்றால் நல்லது, வைக்கோல் நிறமும் பரவாயில்லை, நீலம், சாம்பல் என்றால் காற்று உள்ளே போய்விட்டது. கச்சான் காற்று வீசும்போது கதவைத் திறந்து வைத்து ஒட்டினால், ஒட்டைக் காற்றுப் படாமல் காக்கும் ஆகன் வாயு நிற்காது. புல்மோட்டை மணலில் உள்ள இல்மனைட் கனிமத்தில் இருந்து டைட்டானியத்தைப் பிரிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? ஒட்சிசனை அது விடாது. ஒட்டுக்குள் கரைந்த ஒட்சிசனும் அப்படித்தான், எந்தச் சூட்டிலும் வெளியே வராது.

கேட்டவர்:
மேல்பக்கம் வெள்ளி, பின்பக்கம் நீலம். பின்னால் ஆகன் விடவில்லை அண்ணை.

பதில்:
அப்போ முதல் காரணம் அதுதான். ஆனால் உங்கள் கேள்வியும் சரியான கேள்வி. இந்தக் கலவை ஏறத்தாழ 995 பாகைக்கு மேல் முழுவதும் பீட்டா என்ற படிக அமைப்பாக மாறும், ஒட்டு உறையும்போது பெரிய பெரிய பீட்டா மணிகள் (உலோகத்தின் படிகத் துகள்கள்) வளர்ந்து, அவை சட்டென்று ஆறும்போது உள்ளே ஊசி ஊசியாக மார்ட்டன்சைட் என்ற கடின அமைப்பு உருவாகிவிடும், பலம் இருக்கும், ஆனால் வெடிப்பைத் தாங்காது. 600 பாகை உள்தகைப்பை, அதாவது ஒட்டுக்குள் தங்கிய இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான், ஊசிகள் அதிகம் மாறாது. 900 பாகையை ஒட்டி வைத்து மெதுவாக ஆறவிட்டால் அவை ஆல்பா என்ற மற்றப் படிக அமைப்பின் நுண்ணிய தகடுகளும் இடையே பீட்டாவுமாகப் பிரியும், வெடிப்பு ஒவ்வொரு தகட்டிலும் திரும்பித் திரும்பித்தான் போக வேண்டிவரும். பலம் கொஞ்சம் குறையும்.

ஆனால் அதை வெற்றிட உலையில் மட்டும் செய்யுங்கள். காற்றில் 900 என்றால் மேற்பரப்பு முழுக்க ஒட்சிசன் ஏறி ஓடு போலக் கடினமாகும், வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். 995ஐத் தாண்டவும் வேண்டாம், மணிகள் இன்னும் பெரிதாகும், பெருத்த மணியைச் சூட்டால் மட்டும் சிறிதாக்க முடியாது.

கேட்டவர்:
விளங்கியது அண்ணை. ஒட்டை வெட்டி எடுத்து, பின்பக்கமும் ஆகன் விட்டு ஒரு துண்டு ஒட்டப் போகிறேன். சூடாக்காமலே முதலில் அதை வளைத்துப் பார்க்கிறேன்.