பழைய 85 மி.மீ. லென்ஸ் புதிய மிரர்லெஸ் கேமராவுக்கு ஈடுகொடுக்குமா?

கேள்வி:
என்னிடம் கேனான் ஆர்எஃப் மவுண்ட் (லென்ஸைப் பொருத்தும் இடம்) கொண்ட மிரர்லெஸ் கேமரா உள்ளது. முகப்படங்கள் எடுக்க 85 மி.மீ. லென்ஸ் தேவை. ஆர்எஃப் 85 எஃப்/1.2 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் ஒளித்துளை பெரிது) என் கைக்கு எட்டாத விலையில் இருப்பதால், கேனானின் பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்காக 1992-இல் வெளிவந்த இஎஃப் 85 எஃப்/1.8 லென்ஸை இரண்டாம் கையாக வாங்கி, அடாப்டருடன் பயன்படுத்தலாமா என யோசிக்கிறேன். ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக இயங்குமா? இத்தனை பழைய வடிவமைப்பு இன்றைய சென்சாருக்குப் போதுமா?

பதில் 1:
தயங்காமல் வாங்கலாம். 1987-இல் இஎஃப் மவுண்ட் அறிமுகமானபோதே ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்து, கேமராவுடனான தொடர்பு முழுவதையும் மின்வழியாக்கிவிட்டார்கள். எனவே கேனானின் அடாப்டர், உள்ளே கண்ணாடி ஏதுமின்றி, மின்தொடர்பைக் கடத்தி, மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையிலான 20 மி.மீ. தூரத்தை இஎஃப் லென்ஸுக்கு வேண்டிய 44 மி.மீ. ஆக்கினாலே போதுமானது. கண்ணைக் கண்டறிந்து ஃபோகஸ் செய்யும் வசதியும் கிடைக்கும்.

குறை என்றால், எஃப்/1.8-இல் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். ஒளித்துளையை எஃப்/2.8-க்குச் சுருக்கினால் அது பெருமளவு அடங்கிவிடும். எஃப்/1.2 தரும் பின்னணி மங்கல்தான் வேண்டுமென்றால், அதற்கு இந்த லென்ஸ் மாற்றாகாது.

பதில் 2:
அந்த மங்கலுக்காகப் பழைய இஎஃப் 85 எஃப்/1.2 லென்ஸை நாடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதில் கையால் ஃபோகஸ் செய்வதும் மோட்டார் வழியாகவே நடப்பதால், மோட்டார் பழுதானால் வளையத்தைத் திருப்பியும் பயனில்லை. எஃப்/1.8 லென்ஸின் வளையமோ நேரடியாக இயங்குவது. மோட்டார் நின்றாலும் கையால் ஃபோகஸ் செய்துகொள்ளலாம். உதிரிபாகம் கிடைப்பது அரிதான பழைய லென்ஸ்களில் இதை நான் பெரிய விஷயமாகவே கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில் 3:
முதலில் பூஞ்சை. இரு முனை மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் வாங்காதீர்கள், ஏனெனில் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சான கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தபின்னும் தழும்பு நிற்கும், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளிறும். பிறகு, கேமராவில் பொருத்தி எஃப்/8-இல் சில படங்கள் எடுங்கள். ஒளித்துளையைச் சுருக்கும் அபெர்ச்சர் இதழ்கள் சிக்கினால் படங்களின் வெளிச்சம் ஒன்றுக்கொன்று மாறுபடும். உள்ளே தெரியும் ஓரிரு தூசுகளைப் பொருட்படுத்த வேண்டாம். அவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.