பழைய ராலி சைக்கிள்: ஹேண்டில் கப்பைப் பிரித்த கதை

கீழக்கரையிலிருந்து:

வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிய ராலி இது. தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடி வழியாக வந்தது, 1964 புயலுக்கு முன்னால். இப்போது ஹேண்டிலைத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கடையில் காட்டினால் நட்டை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். இறுக்கினால் ஆட்டம் நிற்கும், பள்ளம் எங்கே போகும்? சரி, நாமே பிரிப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பிரேக் ராடை விடுவித்தேன். ஹேண்டில் தண்டின் நடு போல்ட்டை முழுக்கக் கழற்றக் கூடாது. சில சுற்றுகள் தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தலையில் தட்டினால் அடியில் இருக்கும் ஆப்பு விடும். நம்ம ஊர் உப்புக் காற்றில் அது எங்கே விடுகிறது! டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்ட பிறகுதான் அசைந்தது. அப்புறம் மேல் நட்டு, விளக்குத் தகடு, மேல் கோன் (கப் என்கிற கிண்ணத்துக்கு எதிரே இருக்கும் வளையம், இரண்டுக்கும் நடுவில்தான் குண்டுகள் உருளும்). கோன் கழலும்போது ஃபோர்க்கை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கீழே பழைய கைலி விரித்திருந்ததால் பால்ரஸ் குண்டுகள் முற்றம் முழுக்க ஓடவில்லை.

மேல் கப்பில் பழைய கிரீஸ் கறுத்துப்போயிருந்தாலும் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. கீழ்க் கப்பில் கிரீஸே இல்லை, மணலும் துருவும் கலந்த செங்குழம்புதான். பாரம் முழுக்கத் தாங்குவது கீழ்க் கப்தான், முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் அதற்குத்தான். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் கீழ்க் கோனில் வரிசையாகக் குழிகள். நகத்தால் தடவினால் முன்னும் பின்னும் தட்டுகிறது, இரண்டு பக்கமும் வழவழவென்று இருக்கிறது.

குண்டுகள் 5/32 அங்குலம், ஒரு கப்புக்கு 25. அதைப் புதிதாக வாங்கிவிடலாம். இப்படிக் குழி விழுந்த கோனுக்கு உங்களில் யாராவது என்ன செய்தீர்கள்?

பாம்பனிலிருந்து:

பாய், முதலில் அந்த மேல் நட்டையும் மேல் கோனையும் பத்திரமாக வையுங்கள். ராலி மரை அங்குலத்துக்கு 26, மற்ற பெரும்பாலான சைக்கிள்களில் 24. ரெண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் ஃபோர்க் மரையே போச்சு. இங்கே ஒருவர் வண்டி அப்படித்தான் வீணாயிற்று.

கீழ்க் கோனுக்கு மரை கிடையாது, அடித்து இறக்கியதுதான். அளவு ஒத்துவரும் புதுசு கிடைக்கும்வரை அதையே கழற்றிக் கொஞ்சம் திருப்பி அடியுங்கள். கோனின் குழியும் கப்பின் குழியும் நேருக்கு நேர் வராமல் போனால் அந்த ‘டக்’ அடங்கிவிடும். நான் ஓட்டுவது அப்படித்தான். கிரீஸைக் கஞ்சத்தனம் இல்லாமல் அப்புங்கள், தண்டுக்கும் தடவுங்கள். 1914-இல் திறந்த ரயில் பாலத்தையே அரித்த காற்று இது.

கீழக்கரையிலிருந்து:

திருப்பி அடித்தாயிற்று அண்ணே. முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகவே இரண்டு பக்கமும் சாய்கிறது. மேல் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே சுற்றியதால் மறுபடி ஒரு கால் சுற்று தளர்த்த வேண்டியிருந்தது. இனி மழைக்காலம் முடிந்ததும் கீழ்க் கப்பை மட்டுமாவது திறந்து பார்ப்பதாக இருக்கிறேன்.