மறு: கணப்பைச் சுற்றிய ஜிப்சம் பலகைகள்: கலைச்சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

> இளஞ்சிவப்பு ஜிப்சம் போர்டுக்குத் ‘தீத்தடுப்புப் பலகை’ என்று போட்டுவிடலாமே.

ஐயா, வேறு இடமாக இருந்தால் எனக்கும் சம்மதமே. ஆனால் இந்தக் கையேடு இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கி, அடைத்துக் கிடந்த கணப்பை, அதாவது சுவரோடு கட்டிய குளிர்காயும் அடுப்பைத் திறந்து விறகு எரிக்க நினைக்கும் நம் குடும்பங்களுக்கானது. தீத்தடுப்பு என்று படித்தால், கணப்பின் வாயோரம் வரை அதை ஒட்டலாம் என்றுதான் நினைப்பார்கள். அது ஆபத்து.

ஜிப்சம் போர்டு என்பது இருபுறமும் தாள் ஒட்டி, சுவரிலும் கூரையிலும் பொருத்தும் பலகை. வீடு தீப்பிடித்தால், நெருப்பு அடுத்த அறைக்குப் பரவுவதைச் சிறிது நேரம் தள்ளிப்போடுவதுதான் அதில் இளஞ்சிவப்பு வகையின் வேலை. தூய ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவீதம் படிகத்துக்குள் கட்டுண்ட நீர். அது ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் அதிகம் சூடேறாது. ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

கணப்பின் சூடோ குளிர்காலம் முழுக்க மாலைதோறும் படுவது. சுமார் 50 பாகை செல்சியசுக்கு மேல் தொடர்ந்து பட்டாலே ஜிப்சம் சிறுகச் சிறுக நீரை இழக்கும். இணைப்புகளில் விரிசல் விடும், தாள் பழுப்பேறும், நாளடைவில் விரலால் அழுத்தினாலே மாவாக உதிரும். பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் இருந்தால் கவலை இன்னும் பெரிது. நெடுநாள் சூட்டில் மரம் உள்ளுக்குள் கருகி, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி, எரியக்கூடிய பொருள் கணப்புக் குழியின் உட்பரப்பிலிருந்து 200 மில்லிமீட்டராவது, அல்லது அதன் செங்கல் கட்டின் வெளிப்பரப்பிலிருந்து 40 மில்லிமீட்டராவது தள்ளியிருக்கச் சொல்கிறது.

ஆகவே இளஞ்சிவப்புப் பலகைக்குத் ‘தீத்தாமதப் பலகை’ என்றும், கணப்போரத்தில் பொருத்தும் கால்சியம் சிலிக்கேட் பலகைக்கு ‘வெப்பந்தாங்கு பலகை’ என்றும் வைக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

> தாமதம் வடசொல். ‘தீநிறுத்திப் பலகை’ எப்படி?

அம்மா, அது தீயை நிறுத்தாதே. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘தீச்சுணக்கப் பலகை’ எனலாம். சுணக்கம் எல்லோருக்கும் தெரிந்த சொல், பொருளும் பிசகாது. இதற்கு எனக்கு முழுச் சம்மதம்.

அப்புறம், நீர் இழந்து பொடியாவதற்கு ‘நீற்றுதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தால் சுண்ணாம்புக் காளவாய்தான் நினைவுக்கு வரும். ‘படிகநீர் இழப்பு’ போதும். மாற்றுக் கருத்து இருந்தால் கையேடு அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.