தாய்ப்பூனை சீறுகிறது, குட்டிகளை எடுக்கலாமா? அவசரம்

மாடித்தோட்டம்:
மோட்டார் ரூமில் நாலு குட்டி. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. தாய் கிட்டவே விடவில்லை, சீறுகிறது. பால் வைத்தேன், குடிக்கவில்லை. எடுத்து வீட்டுக்குள் வைக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கண்மணி62:
குட்டிகள் கண் திறந்துவிட்டனவா? எந்த ஊர்? பால் யாருக்கு வைத்தீர்கள்?

ஈரோட்டுக்காரன்:
தொடாதீர்கள். கை வாசம் பட்டால் தாய் சேர்க்காது. பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அதுவே தூக்கிப் போய்விடும்.

பழையவர்:
மாதம் ஒருமுறை இதே கேள்வி. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கை வாசம் என்பது கட்டுக்கதை. பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் குட்டி செத்துப்போகும். வயதைச் சொல்லாமல் கேட்டால் என்ன பதில் வரும்?

மாடித்தோட்டம்:
வேளச்சேரி. கண் இப்போதுதான் திறக்கிறது, நீலமாக இருக்கிறது. பால் தாய்க்கு.

கண்மணி62:
அப்படியென்றால் பத்து நாள் குட்டிகளாக இருக்கும். தாயைப் பிரிக்கவே வேண்டாம். இந்த வயதில் அவற்றால் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே போகும்.

போன வருடம் இதேபோல் ஒரு தாய்ப்பூனையைப் பிடிக்க நான் பொறிக்கூண்டு இரவல் வாங்கி, அடியில் செய்தித்தாள் விரித்து, உள்கோடியில் உப்பில்லாமல் வேகவைத்த மத்தி மீனை வைத்தேன். கதவு விழுந்ததும் முட்டி மோதினாள். மேலே போர்வையைப் போட்டவுடன் அடங்கிவிட்டாள். அப்புறம் குட்டிகளைத் துண்டில் பொதிந்து எடுத்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத அறை, பக்கவாட்டில் சாய்த்த அட்டைப்பெட்டி, பழைய சேலை, மலஜலம் கழிக்க மண் போட்ட தட்டு போதும். மூன்று நாள் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை, காலையில் சாப்பாட்டுத் தட்டு மட்டும் காலியாக இருக்கும். கீறினால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசி போடுங்கள்.

குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்து பழைய இடத்திலேயே விடுங்கள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும்.

ஈரோட்டுக்காரன்:
இரண்டு மாதம் சோறு போட்டுவிட்டுத் தெருவில் விடுவதா? பாவம் இல்லையா?

பழையவர்:
மனிதர் வாடையே அறியாமல் வளர்ந்த பூனைக்கு நாலு சுவர்தான் சிறை. குட்டிகளுக்கு மட்டும் வீடு தேடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
எங்கள் வீட்டுப் பூனையும் தெருவில் வந்ததுதான். ஒரு வருடம் ஆனது, இப்போது மடியில் தூங்குகிறது.

கண்மணி62:
அது முன்பு யாரோ வளர்த்ததாக இருக்கலாம் அண்ணா. மாடித்தோட்டம், என்ன ஆயிற்று?

மாடித்தோட்டம்:
ராத்திரி பதினொன்றுக்குத் தாய் மாட்டியது. ஒரு குட்டியைக் காணாமல் பதறிவிட்டேன், பம்புக்குப் பின்னால் தூக்கி வைத்திருந்தது. இப்போது நாலும் பால் குடிக்கின்றன. ஆபீஸ் கிளம்புகிறேன். நன்றி அக்கா.