பழைய கார் உள்பக்கப் பேனலில் பெயிண்ட் உரித்த அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

கதவின் மேல்விளிம்பில் வரும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைதான். முன்னால் வைத்திருந்தவர் அதன்மேல் பழுப்பு ஸ்ப்ரே அடித்திருந்தார். தின்னர் ஆகாது என்று தெரியும். அதனால் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பழுப்பு வந்தது, கூடவே கறுப்பும் வந்தது. அடியில் இன்னொரு கோட்டிங் இருக்கிறது போல என்று நினைத்து, இடது கட்டைவிரலால் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னும் தேய்த்தேன். விரலை எடுத்தபோது பிசின் மாதிரி இழுத்தது. ரேகை அப்படியே பதிந்துவிட்டது. காய்ந்த பிறகு கல். தோல் போல இருந்த வரிகள் போய் அந்த இடம் மட்டும் பளபளவென்று நிற்கிறது. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன், கார் பேனல்களுக்குப் போடும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷம் ஆகிறது. கதவைச் சாத்தும்போதெல்லாம் கட்டைவிரல் தானாக அந்தக் குழியில் போய் உட்காருகிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

* * *

எனக்கு பிளாஸ்டிக் இல்லை, இரும்பு டேஷ்போர்டு. சாம்பல் நிறத்தில் மூன்று கோட்டிங், ஒன்றின்மேல் ஒன்று. சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டிச் சுரண்டினால் வாழைப்பட்டை மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. வேகம் பிடித்துவிட்டது, நிறுத்த மனசு வரவில்லை. கடைசியாகக் கடிகாரத்தைக் கழற்றினேன். அதன் வளையம் மூடியிருந்த ஓரத்தில் மரவரி! தகட்டின்மேல் தேக்கு போலவே போட்ட வேலை. 1930, 40களின் கார்களில் தகட்டுக்கு இப்படி மரவரி போடுவது வழக்கம் என்று எனக்குத் தெரியாததில்லை. என் காரில் இருக்கும் என்றுதான் தோன்றவில்லை. மிஞ்சியது தீப்பெட்டி அகலம். மற்றதெல்லாம் தரையில் சுருளாகக் கிடந்தது. ஒரு சுருளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், அதன் அடியில் மரவரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சுருளை இன்னும் வைத்திருக்கிறேன்.

* * *

மேலே இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். என் கதை சின்னது: கியர் லீவரைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் மூடியை பிரேக் ஆயிலில் ஊறப்போட்டேன், இரண்டு நாளில் பெயிண்ட் தோலாக உரிந்தது, அடியில் வரி கெடவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் முதலில் எழுதியவர் மாதிரி, கையில் கிடைத்ததைத் தொட்டுத் துடைப்பதை நான் ஏற்கமாட்டேன். பேனலைக் கழற்றித் திருப்புங்கள். சிலவற்றில் பின்பக்கம் எந்த பிளாஸ்டிக் என்று அச்சு இருக்கும். இல்லையென்றாலும் பின்பக்கம் ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டு பத்து நிமிஷம் பொறுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அந்தத் திரவம் வேண்டாம். நான் முதலில் எடுப்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். துணியில் நனைத்துப் போட்டு, மேலே பாலித்தீன் தாள் மூடி, அரை மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். ஸ்ப்ரே பெயிண்ட் பலதும் இதற்கே இளகும். மீட்டர் மேல் இருக்கும் அக்ரிலிக் மூடியில் மட்டும் படக்கூடாது, நூல் நூலாக விரிசல் விடும். உப்புத்தாளை பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வரி ஒருமுறை தேய்ந்தால் திரும்பி வராது. ரெக்சினில் தின்னர் போட்டால் அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மை போய்விடும், பிறகு மடிப்பில் வெடிக்கும். ஹீட் கன் இரும்புக்குச் சரி. ஏபிஎஸ் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும், ஹீட் கன்னின் வாயில் 500 டிகிரி வரும். பிரேக் ஆயில் வாங்கினால் டப்பாவில் டாட் 3 அல்லது 4 என்று போட்ட வகை. டாட் 5 சிலிக்கோன் எண்ணெய், அது பெயிண்டை அசைக்காது.

* * *

பிரேக் ஆயில் சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். ஊறிய பட்டையைத் தட்டிலிருந்து தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வண்டிப் பக்கம் போனேன். முன் மட்கார்டில் இரண்டு சொட்டு. துணி எடுத்து வந்து துடைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் இரண்டு கொப்புளம். விரல் பட்டதும் பெயிண்ட் கூழாக வந்தது. அந்த வண்டியில் ஃபேக்டரி பெயிண்ட் முழுசாக இருந்தது அந்த மட்கார்டு ஒன்றில்தான். துடைத்தால் போதாது, உடனே நிறையத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். "அவ்வளவுதான்" என்று முடிக்கிற விஷயம் இல்லை இது.

* * *

பேனல் கெட்டால் வேறு பேனல் தேடலாம். நான் இரும்புப் பேனலைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தேன். பழைய மஞ்சள் பெயிண்ட். நல்ல வெயில், கதவைத் திறந்து வைத்திருந்தேன். முடித்துவிட்டு வெளியே வந்தால் கொடியில் மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை, தோள் இரண்டிலும் மெல்லிய மஞ்சள். அந்தக் காலத்து மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயக் குரோமேட் இருக்கும் என்று எங்கோ படித்தது அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. சட்டையைத் தூக்கிப் போட்டேன். கொடியில் இருந்த மற்ற துணிகளையும்தான். அவள் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, ரிசல்ட் வரும்வரை தூங்கவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தது. இப்போது தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கிறேன், தூசிக்கான முகமூடி இல்லாமல் உட்காருவதில்லை, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் கட்டிப் போட்டுவிடுகிறேன். ஹீட் கன் காட்டியவரும் இதை யோசிக்க வேண்டும், சூட்டில் வரும் புகையும் அதேதான்.

* * *

முதலில் எழுதியவன்தான். பட்டையை இப்போது கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், என் ரேகை இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், ஏபிஎஸ் என்று மூன்று எழுத்து புடைப்பாக இருக்கிறது. கழற்றும்போது கிளிப் இரண்டு உடைந்துவிட்டன. மிச்சம் இருக்கும் மூன்றில் மாட்டி வைத்திருக்கிறேன்.