சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பன்முகத்தன்மை: நிறத்தை மாற்றினால் போதுமா?

கேள்வி: கடலோரக் கட்டம் (காசிமேடு)

அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக் கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவை உருவாக்கச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு நாயகனை வரைந்தான். கடலில் தவறி விழுந்தவர்களை, உள்ளங்கையிலிருந்து விரியும் வலையால் இழுத்துக் கரை சேர்ப்பதுதான் அந்த நாயகனின் சக்தி. கழுத்தில் தாயத்து, காலில் ரப்பர் செருப்பு என்று ஒன்றையும் அவன் விடவில்லை. பிறகு பெட்டியிலிருந்து வெளிர் ரோஜா நிற க்ரேயானை எடுத்து முகம், மார்பு, கை, கால் எல்லாவற்றையும் அழுத்தித் தீட்டிவிட்டான். "உங்க அப்பா இந்தக் கலராடா?" என்று கேட்டேன். க்ரேயானைச் சுற்றியிருந்த காகிதத்தைக் காட்டி, "இதுல ஸ்கின்னுதானே போட்டிருக்கு, அண்ணா" என்றான்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது பேச்சு பெரிய வாக்குவாதமாகிவிட்டது. கருப்பின நாயகரான பிளாக் பேந்தர் 1966லேயே வந்துவிட்டார், 2011 முதல் மைல்ஸ் மொராலெஸ் என்ற கருப்பினச் சிறுவன் ஸ்பைடர்மேனாக இருக்கிறான், இன்னும் என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கதை நன்றாக இருந்தால் போதும், நாயகன் எந்த நிறமாக இருந்தால் என்ன என்றார் இன்னொருவர். அப்படியானால் அந்தப் பையனின் கை ஏன் ரோஜா நிறத்துக்குப் போனது என்று கேட்டேன். இருவரிடமும் பதில் இல்லை. பழைய நாயகனின் நிறத்தை மாற்றுவது சரியான வழியா, புதிய நாயகர்களை உருவாக்குவதா, அல்லது இந்தக் கேள்வியையே நான் தவறாகக் கேட்கிறேனா? காமிக்ஸை நெடுங்காலமாக வாசிப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பெரம்பூர் பெரியவர்

தம்பி, சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது நான் பள்ளி மாணவன். முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இப்போது யோசித்துப் பார்த்தால், தோலின் நிறமே கண்ணுக்குத் தெரியாத ஒரு நாயகனிடம் எங்கள் தலைமுறை அப்படிச் சொக்கிப்போனது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு மாயாவியைவிட, மந்திரவாதி நாயகன் மாண்ட்ரேக்கே பொருத்தமானவர். அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் வந்தவை. ஆகவே நாயகனுக்கு நிறம் என்று ஒன்று இல்லை, கோட்டுக்கு உள்ளே வெறும் காகிதம்தான் இருந்தது, அந்த வெற்றிடத்தில் நாங்கள் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொண்டோம். மாண்ட்ரேக் எங்களுக்கு எதிர்வீட்டு மாமாவைப் போலத்தான் தமிழ் பேசினார். பக்கத்தில் நின்ற ஆப்பிரிக்கப் பணியாள் லொதாருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர் உடம்பில் மை நிரப்பியிருந்தார்கள். நிறம் என்று ஒன்று இருந்தது பணியாளுக்கு மட்டும்தான். அவர் ஏழு நாடுகளின் இளவரசர் என்று கதையே சொல்லும், ஆனால் 1934இல் அவர் அறிமுகமானபோது உடுத்தியிருந்தது சிறுத்தைத் தோல், பேசியது அரைகுறை ஆங்கிலம். 1965இல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் ஓவியப் பொறுப்பை ஏற்ற பிறகே லொதார் எல்லாரையும் போல உடை உடுத்தி, எல்லாரையும் போலப் பேசினார்.

முகமூடி அணிந்த காட்டு நாயகன் வேதாளர் (ஃபேண்டம்) கதையும் இதே ரகம்தான். 1936 முதல் அந்தக் காட்டைக் காப்பாற்றி வருபவர் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரர், காட்டில் பிறந்து வளர்ந்த பந்தர் இனத்தவர் அவருக்குக் காவல். எங்கள் ரயில்பெட்டித் தொழிற்சாலைக் குடியிருப்பில் இதைப் பற்றி ஒருவரும் முணுமுணுத்ததில்லை, நான் உட்பட. பிடித்த புத்தகம் என்பதால் இன்றும் வைத்திருக்கிறேன்; ஆனால் பேரனுக்குக் கொடுக்கும்போது அந்தக் காவல்காரர்களைக் காட்டி, இவர்களுக்குப் பெயர் இருக்கிறதா பார் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

பதில் 2: எதிர்க்கட்சி (வியாசர்பாடி)

பெரியவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் பழைய சட்டையைப் புதிய ஆளுக்கு மாட்டிவிடுவதைப் பிரதிநிதித்துவம் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2004இல் வந்த இந்திய ஸ்பைடர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான், மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள், பென் மாமா பீம் மாமா ஆனார். சிலந்தி கடிப்பதற்குப் பதிலாக ஒரு யோகி வந்து சக்தி கொடுத்தார், முகமூடிக்குக் கீழே வேட்டி வந்தது. அதைப் படைத்தவர்களும் நம்மவர்களே என்பதால் எனக்கு இன்னும் வருத்தம். மும்பையில் ஒரு கிராமத்துப் பையன் படும் பாட்டைச் சொல்ல எவ்வளவோ இருக்க, அமெரிக்கர் நம்மிடம் எதிர்பார்க்கும் யோகியை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பதிப்பகங்களின் மனமும் எவ்வளவு நாள் நிற்கும்? 2017இல் மார்வெலின் விற்பனைப் பிரிவுத் தலைவர்களில் ஒருவரே, பன்முக நாயகர்களை வாசகர்கள் விரும்பவில்லை என்று கடைக்காரர்கள் சொல்வதாகப் பேசி, பிறகு எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கம் கொடுத்தார். விற்பனை சரிந்தால் முதலில் கைகாட்டப்படுவது இந்தப் பாத்திரங்கள்தான் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

எனக்குப் பிடித்த வழி வேறு. 1993இல் டுவெய்ன் மெக்டஃபி உள்ளிட்ட கருப்பினப் படைப்பாளிகள் சிலர் மைல்ஸ்டோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஸ்டாட்டிக், ஐகான் முதலிய நாயகர்களைப் புதிதாகவே உருவாக்கினார்கள். அச்சும் விநியோகமும் டிசி என்ற பெரிய பதிப்பகத்தின் வழியாகச் சென்றாலும், பாத்திரங்களின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நிறத்தைவிட உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். திரைப்படத்தில் வடசென்னைக்காரன் என்றால் கையில் கத்தி கொடுத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மைக் காட்டுகிறார்கள், ஆனால் கதை நம் கையில் இல்லை.

பதில் 3: நாலு வண்ணம் (பழைய வண்ணாரப்பேட்டை)

நான் அச்சகத்தில் வேலை செய்பவள் என்பதால் க்ரேயான் விஷயத்தை மையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய அமெரிக்கக் காமிக்ஸில் மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்று மைகளைச் சில அளவுகளில் மட்டும் கலந்து 64 நிறங்கள் எடுத்தார்கள். வெள்ளையரின் தோலுக்கு மஞ்சள் 25 சதவீதம், சிவப்பு 25 சதவீதம் என்று ஒரு குறியீடே இருந்தது. வண்ணம் குறிப்பவர் யோசிக்காமல் எழுதிவிடுவார். கருப்புத் தோலுக்கு நீலமும் சேர வேண்டும், மலிவுத் தாளில் மூன்று மைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சாம்பலும் ஊதாவுமாகக் கலங்கிப்போகும். இன்றும் எங்களிடம் திருமணப் பத்திரிகைக்குப் படம் கொடுப்பவர்களில் பாதிப்பேர் "பொண்ணு முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்று, அதாவது வெளுப்பாக்கச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். ஆகவே அந்தப் பையனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1953இல் ஈசி காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 'தீர்ப்பு நாள்' என்று ஒரு கதை வெளியிட்டது. ஆரஞ்சு ரோபோக்களும் நீல ரோபோக்களும் வாழும் கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வருகிறார். உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான், வெளியுறை மட்டும் வேறு. ஆனாலும் நீல ரோபோக்களுக்குப் பேருந்தில் பின்பக்க இருக்கைதான். அந்தக் கிரகத்துக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் கருப்பினத்தவர் என்று தெரிகிறது, முகத்தில் வியர்வை முத்துகள் மின்னுகின்றன. 1956இல் இதை மறுபதிப்பு செய்ய முயன்றபோது, காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் தலைவர் அந்த முகம் கருப்பாக இருக்கக் கூடாது என்றார். பதிப்பாளர் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டுத்தான் அதை அச்சிட்டார். நாயகனுக்குச் சக்தி எதுவும் இல்லை, அந்த ஒரு கட்டத்துக்குத்தான் அத்தனை அமளி.

எதிர்க்கட்சி நண்பருக்கு ஒன்று. பழைய சட்டை எல்லாமே வீண் என்று சொல்லாதீர்கள். 2014இல் தனி இதழ் தொடங்கிய கமலா கான், மிஸ் மார்வெல் என்ற பழைய பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறாள். ஜெர்சி நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்ணான அவள், உருமாறும் சக்தி கிடைத்தவுடன் முதலில் மாறுவது பழைய மிஸ் மார்வெலான, பொன்னிறக் கூந்தலுடைய கரோல் டான்வர்ஸாகத்தான். மாறிய பிறகு கூந்தல் முகத்தில் விழுந்து தொல்லை தருகிறது, உடை கண்ட இடத்தில் இழுக்கிறது, காலணி சரியில்லை. உங்கள் காசிமேட்டுப் பையன் க்ரேயானால் செய்ததைத்தான் அவளும் செய்கிறாள். எழுதிய வில்லோ வில்சனும் தொகுப்பாசிரியர் சனா அமானத்தும் இஸ்லாமியப் பெண்கள். அந்த உறுத்தல் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உரிமைப் பத்திரம் மார்வெலிடம்தான் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மீண்டும்: கடலோரக் கட்டம்

மூவருக்கும் நன்றி. கமலா கானின் முதல் தொகுப்பைத் தேடி வாங்கிவிட்டேன். உரிமை பற்றி எதிர்க்கட்சி சொன்னது மனதில் தைத்தது. ஆகவே பிள்ளைகளின் படங்களைப் புத்தகமாகத் தைத்தால் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் வரைந்தவர் பெயர் இருக்கும், அவர்களைக் கேட்காமல் வேறெங்கும் போடமாட்டேன்.

இந்த ஞாயிறு வகுப்புக்கு முன்பே எல்லா க்ரேயான்களின் காகிதத்தையும் உரித்துவைத்தேன். வலை வீசும் நாயகனை அந்தப் பையன் மறுபடியும் வரைந்தான். காவியையும் கருப்பையும் மாற்றி மாற்றித் தேய்த்து, முழங்கையில் உப்புப் பூத்த இடத்தை மட்டும் வெளிறலாக விட்டிருந்தான். பக்கத்தில் இருந்த சிறுமி தன் நாயகிக்கு உச்சி முதல் பாதம் வரை பச்சை பூசினாள். ஏன் என்று கேட்டேன். "அவ பாசியில பொறந்தவ அண்ணா, வேற எந்தக் கலர்ல இருப்பா?" என்றாள்.