சபைகள் சேர்ந்து நடத்தும் திறந்தவெளி விழா: ஒலி, மின்சாரம், மேடை எப்படித் திட்டமிடுவது?

புதுமேடை கேட்டது:

வணக்கம். ஏழு சபைகள் சேர்ந்து ஊர் மக்கள் எல்லாருக்குமாக ஒருநாள் விழா நடத்துகிறோம். நுழைவு இலவசம். மேடையிலிருந்து மைதானத்தின் கடைசி வரை 60 மீட்டர், அகலம் 40 மீட்டர். மதியம் 3 மணி முதல் இரவு 9 வரை பத்துக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், இடையில் 10 நிமிடம். மூன்று கொயர், மற்றவை பேண்டு. 12 சதுர மீட்டர் எல்இடி திரை, 24 எல்இடி பார் விளக்கு உண்டு. மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டர்தான். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். எத்தனை வாட்ஸ் சவுண்ட், எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் கேட்க வேண்டும்?

மூணுபேஸ்:

சவுண்ட் வாட்ஸ் அப்புறம், முதலில் கரண்ட் கணக்கு. திரை முழு வெள்ளையாக எரியும்போது சதுர மீட்டருக்கு 700 வாட்ஸ் என்று வைத்தால் 8.4 கிலோவாட். உங்களுக்கு வரும் திரையின் உச்ச அளவைக் கேட்டு வாங்கி அதைப் போடுங்கள், சராசரியைப் போடாதீர்கள். பார் விளக்கு 150 வாட்ஸ் வீதம் 3.6. ஒலிக்கு 3.5 போதும், ஸ்பீக்கர் பாக்ஸில் எழுதியிருப்பது உச்சம், பாட்டு ஓடும்போது சராசரி அதில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். ஆக 15.5 கிலோவாட், 0.8 பவர் ஃபேக்டரில் (கே.வி.ஏ.வில் நிஜ வேலைக்குக் கிடைக்கும் கிலோவாட் பங்கு) 19.4 கே.வி.ஏ. முக்கால் சுமைக்கு மேல் ஏற்றக் கூடாது என்றால் 26 வரும். 30 கே.வி.ஏ. மூன்று பேஸ் எடுங்கள். கடைகளுக்கு இதிலிருந்து ஒரு ஒயர்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு கெட்டில் 2 கிலோவாட். மூன்று கெட்டில் ஒரே நேரத்தில் கொதித்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். அவர்களுக்குத் தனி ஜெனரேட்டர்.

ஒலி மொத்தமும் ஒரு பேஸில். திரையையும் விளக்கையும் பாதிப் பாதியாக மற்ற இரண்டில் போட்டால் ஆளுக்கு 6 கிலோவாட், சுமார் 26 ஆம்பியர். எல்லாவற்றையும்விட, மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் முனையை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்ப்பதுதான் முக்கியம். ஓடும்போது அது கழன்றால் சுமை குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் 230லிருந்து 400ஐ நோக்கி ஏறும். உங்கள் விழாவில் அந்தப் பேஸில் இருப்பது மிக்ஸரும் கீபோர்டும்.

ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இணையாமல் மிதந்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) இருந்தும் ஷாக் அடிக்கும் நேரத்தில் டிரிப் ஆகாமல் போகலாம். ஆர்சிசிபியை ஒன்றாகப் போடாமல் ஒலி, இடது விளக்கு, வலது விளக்கு, திரை என்று பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு கருவியின் பவர் சப்ளையும் கொஞ்சம் கசியும். இருபது கருவி ஒன்றில் தொங்கினால் காரணமே இல்லாமல் விழும். அப்போது மழையில் ஒரு விளக்கு நனைந்தாலும் பேசுகிறவரின் மைக் அணைந்துவிடும்.

ஒலிமேசை:

மேலே சகோ சொன்னதோடு ஒலி. வாட்ஸ் சொல்லிக் கேட்டால் முன்வரிசையின் காதைக் கிழிக்கும் செட்தான் வரும். திறந்தவெளியில் சுவர் இல்லை, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் இறங்கும். 5 மீட்டரில் 95 என்றால் 10இல் 89, 20இல் 83, 40இல் 77. கடைசி ஆளுக்குப் பேச்சு புரிய வேண்டுமென்று மேடை பாக்ஸை ஏற்றிக்கொண்டே போவது தப்பு. பாக்ஸை 3.5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, கூட்டத்தின் பின்பாதியைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

மீதிக்கு, மேடை பாக்ஸிலிருந்து 35 மீட்டரில் இரண்டு டிலே பாக்ஸ் (ஒலியைச் சற்றுத் தாமதித்து விடும் ஸ்பீக்கர்). ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது, ஆகவே அங்கே போய்ச் சேர 102 மில்லிசெகண்ட். அதோடு 12 சேர்த்து 114 வையுங்கள். அப்போது மேடை ஒலி முதலில் காதுக்கு வரும், பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். டிலே போடாமல் விட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும், ஜெபம் ஒரு வரிகூடப் புரியாது. டேப் வைத்து அளந்து போடுங்கள், கண் மதிப்பு வேண்டாம். நுழைவுக் கட்டணம் இல்லாத விழாவில் வாசலும் இல்லை; 200 பேர் என்று தொடங்கியது இருட்டியதும் எவ்வளவாகும் என்று சொல்ல முடியாது. அதனால் டிலே பாக்ஸைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

புதுமேடை:

மிக்க நன்றி. கொயரில் 30 பேர், மூன்று வரிசை. ஆளுக்கொரு மைக் வேண்டும் என்கிறார்கள். பத்து நிமிடத்தில் குழு மாற்றுவதும் பயமாக இருக்கிறது.

கொயர்மைக்:

முப்பது மைக் வைத்தால் ஊளைதான் மிஞ்சும். திறந்திருக்கும் மைக் இரட்டிக்கும்போதெல்லாம் ஃபீட்பேக் (அந்த ஊளை) வருமுன் கிடைக்கும் அளவு 3 டெசிபல் குறைகிறது. சிறிய கண்டன்சர் கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகம் பிடிப்பது) மூன்று போதும். முதல் வரிசைக்கு 70 சென்டிமீட்டர் முன்னால், கடைசி வரிசையின் முகத்தைப் பார்க்கும்படி உயர்த்தி, மைக்குக்கு மைக் 2.1 மீட்டர். பாடுகிறவர் தூரத்தைப் போல் மூன்று மடங்கு இடைவெளி என்பது கணக்கு. நெருக்கி வைத்தால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். தடித்த ஃபோம் உறை போட்டு, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று சப்வூஃபரில் உறுமும். கொயரின் மானிட்டரில் (பாடுகிறவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) கீபோர்டு மட்டும், அவர்கள் குரலை அதில் போடவே கூடாது.

மாற்றத்துக்கு: எல்லாக் குழுவுக்கும் ஒரே டிரம் செட், ஒரே பேஸ் கிட்டார் ஆம்ப், ஒரே சேனல் வரிசை. 1–6 டிரம், 7 பேஸ் கிட்டார், 8–11 இரண்டு கீபோர்டு, 12–13 கிட்டார், 14–18 பாடகர், 19–21 கொயர், 22–23 பேசுகிறவரின் வயர்லெஸ், 24–25 லேப்டாப். 32 சேனல் மிக்ஸரில் ஏழு மிச்சம். பேஸ், கீபோர்டு, கிட்டார், லேப்டாப்புக்கு டி.ஐ. பாக்ஸ் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) ஒன்பது வேண்டும், உபரி இரண்டு. ஒரு குழு போனதும் கேபிளை யாரும் கழற்றக் கூடாது. வராத கருவியின் சேனலை மியூட் செய்தால் போதும். கொயர் மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்துங்கள், அந்த ஸ்டாண்டுகள் ஒரே முறை ஏறி ஒரே முறை இறங்கும். டிராக் வைத்துப் பாடுகிறவர்கள் முந்தைய நாளே ஃபைலைக் கொடுத்துவிட வேண்டும். மேடையில் வந்து போனைச் சொருகினால் அழைப்பு மணி மைதானம் முழுக்க ஒலிக்கும்.

சாரம்:

எல்லாரும் விட்டது ஒன்று: மேடைக்குப் பின்னால் கட்டும் பேனர். 8க்கு 4 மீட்டர் என்றால் 32 சதுர மீட்டர் கப்பல் பாய் மாதிரி. நொடிக்கு 15 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில், சுமார் 450 கிலோ அளவு தள்ளும். சாரம் கட்டுபவரிடம் எத்தனை வேகம் வரை தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். கையடக்கக் காற்றுமானி ஒன்று மிக்ஸர் மேசையில் இருக்கட்டும். எழுதி வாங்கிய வேகத்தில் பாதி வந்ததும் பேனரை அவிழ்க்க வேண்டும். முக்கால் வந்ததும் மேடையை விட்டு ஆட்களை இறக்கி, பாக்ஸையும் திரையையும் தாழ்த்த வேண்டும். இதை முடிவு செய்யும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். பாடல் நடுவில் என்றாலும் அவர் கை தூக்கினால் நிறுத்துவதென்று ஏழு சபைப் போதகர்களும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும்.

புதுமேடை:

போதகர்கள் கூட்டம் சனிக்கிழமை. பேனரைப் பாதியாகக் குறைக்கச் சொல்லப் போகிறேன், சேனல் வரிசையை எல்லாக் குழுவுக்கும் இன்றே அனுப்புகிறேன்.